ஒரு ஆள் குறைந்தால் என்ன நஷ்டம்?

1918-ம் வருடம் ஜூன் மாதம் 10-ம் தேதி. பம்பாய் துறைமுகத்தில் காவல் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ் சிப்பாய்கள் ஏழு பேர் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்கள். மலேரியாவா? இல்லை. வேறென்ன? டாக்டர்களுக்குத் தெரியவில்லை. மே மாதக் கடைசியில் ஒரு ராணுவக் கப்பல் வந்து நின்றிருந்தது. முதல் உலகப்போர் அப்போது இன்னும் முடியவில்லை. கப்பலில் வந்த சிப்பாய்களோடு வைரஸும் இறங்கி ஊருக்குள் நடந்து போயிருந்தது.

முதல் சுற்று கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. நாலு நாள் காய்ச்சல், உடம்பு வலி, எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். செப்டம்பரில் வந்த இரண்டாவது சுற்றுதான் எமன். அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் மட்டும் 768 சாவு. அங்கிருந்து ரயில் ஏறி பஞ்சாப், மத்திய மாகாணம், ஐக்கிய மாகாணம் என்று கிராமம் கிராமமாகப் போனது. சாதாரணமாக ஃப்ளூ வந்தால் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் தூக்கிக்கொண்டு போகும். இது நேர்மாறு. இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களைக் குறிவைத்து அடித்தது. அதாவது ஏர் பிடிக்கிற கை, நாற்று நடுகிற கை, குழந்தையைத் தூக்குகிற கை.

எத்தனை பேர் செத்தார்கள்? அப்போதைய பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சுகாதாரத்துறை முதலில் சொன்ன கணக்கு சுமார் 60 லட்சம். பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் அதை ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை உயர்த்தினார்கள். ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவே, இன்றைய இந்திய எல்லைக்குள் இருந்த மக்கள்தொகை ஏறவில்லை. குறைந்தது. நமது சென்சஸ் வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில் மட்டும்தான்.

இப்போது ஒரு விவகாரமான கேள்வி. இத்தனை பேர் போனதில் நாட்டுக்கு என்ன நஷ்டம்?

ரூபாய், அணா, பைசாவில் கேட்கிறேன். கோபம் வருகிறதா? வர வேண்டியதுதான். பி.காம். படித்தபோது பாலன்ஸ் ஷீட்டில் நிலம், கட்டடம், மெஷின், மேஜை நாற்காலி வரைக்கும் சொத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மனுஷனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சொல்லவே இல்லை. சம்பளம் என்ற பெயரில் செலவுப் பக்கத்தில் வருவான், அவ்வளவுதான். செத்துப்போனால் அந்தச் செலவு மிச்சம்! கணக்குப் புத்தகத்தின் லட்சணம் அது.

ஆனால் மனுஷனையும் சொத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம் என்று 350 வருடங்களுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரைக் கொஞ்சம் விசாரித்துவிட்டு மறுபடி 1918-க்கு வருவோம்.

வில்லியம் பெட்டி. 1623-ல் இங்கிலாந்தில் ஒரு துணிக்காரர் வீட்டில் பிறந்தவர். சின்னப் பையனாகக் கப்பலில் எடுபிடி வேலைக்குப் போனார். கால் உடைந்தது. கப்பல்காரர்கள் பிரெஞ்சுக் கரையில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். பெட்டி அங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்து படித்தார். பிறகு டாக்டர். பிறகு ஆக்ஸ்போர்டில் உடற்கூறு பேராசிரியர்.

1650 டிசம்பரில் அவர் கைக்கு ஒரு பிணம் வந்தது. ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண். பெற்ற குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டித் தூக்கில் போட்டிருந்தார்கள். அரைமணி நேரம் தொங்கவிட்டு, உயிர் சீக்கிரம் போகட்டும் என்று தெரிந்தவர்களே காலைப் பிடித்து இழுத்து, அதன் பிறகு அறுத்துப் பார்ப்பதற்காகப் பெட்டியிடம் அனுப்பினார்கள். சவப்பெட்டியைத் திறந்தால் தொண்டையில் லேசாக ஒரு சத்தம். பெட்டியும் கூட இருந்த டாக்டர்களும் கத்தியை வைத்துவிட்டு, சூடாக எதையோ புகட்டி, கை காலைத் தேய்த்து, கதகதப்பான படுக்கையில் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு கிடைத்தது. அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்று வாழ்ந்தாள்.

இந்த மனிதர்தான் பிற்பாடு மனித உயிருக்கு விலைப்பட்டியல் தயாரித்தார்.

1665. இங்கிலாந்து டச்சுக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சண்டைக்குக் காசு வேண்டும். யார் தலையில் எவ்வளவு வரி போடலாம்? பெட்டி பேனாவை எடுத்தார். நாட்டில் 60 லட்சம் பேர். ஆளுக்கு வருடத்துக்கு ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகிறது. மொத்தம் 4 கோடி பவுண்ட். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நிலம், வீடு, கப்பல், ஆடு மாடு எல்லாம் சேர்ந்த சொத்தின் மதிப்பு 25 கோடி. அது வருடத்துக்குத் தருவது ஒன்றரைக் கோடி. அப்படியானால் மீதி இரண்டரைக் கோடி? உழைப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இங்கேதான் ஒரு தாவு தாவினார். ஒன்றரைக் கோடி தருகிற சொத்தின் மதிப்பு 25 கோடி என்றால், இரண்டரைக் கோடி தருகிற ஜனங்களின் மதிப்பு என்ன? பள்ளிக்கூடத்து நேர்விகிதக் கணக்கு. கிட்டத்தட்ட 41 கோடியே 67 லட்சம். 60 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 69 பவுண்ட்.

அதே வருடம்தான் லண்டனில் பிளேக் வந்தது. ஊர்ப் பதிவேட்டின்படி பிளேக்கில் இறந்தவர்கள் 68,596. உண்மையில் ஒரு லட்சம் இருக்கும் என்பார்கள். பெட்டியின் கணக்கும் ஒரு லட்சத்தை வைத்துத்தான் நடக்கிறது. வழக்கத்துக்கு மேல் ஒரு லட்சம் பேர் செத்தால் ராஜ்யத்துக்கு ஏறக்குறைய 70 லட்சம் பவுண்ட் நஷ்டம். எழுபதாயிரம் செலவு பண்ணித் தடுத்திருந்தால் நூறு மடங்கு லாபமாயிற்றே! இதுதான் அவருடைய வாதம்.

கவனியுங்கள். ஐயோ பாவம் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் கோபம் என்று சொல்லவில்லை. முதல் போட்டால் இவ்வளவு திரும்பி வரும் என்று ராஜாவிடம் வியாபாரம் பேசுகிறார். இன்று சுகாதார அமைச்சர்கள் நிதியமைச்சர்களிடம் பேசுகிற பாஷை இதுதான். 2001-ல் உலக சுகாதார நிறுவனம் ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையில் ஒரு கமிஷன் போட்டு அறிக்கை வெளியிட்டது. நம் மன்மோகன் சிங்கும் அதில் உறுப்பினர். வருடத்துக்கு 80 லட்சம் உயிர்களைக் காப்பாற்றினால் 33 கோடி ஆரோக்கியமான வருடங்கள் மிச்சம். ஒரு வருடத்துக்கு ஒரு ஏழை நாட்டுக்காரரின் வருமானம் 563 டாலர். ஆக 18,600 கோடி டாலர் என்று அதில் ஒரு பெருக்கல் வரும். பெட்டி உயிரோடு இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

சரி, நல்ல காரியத்துக்குத்தானே விலை போட்டார், என்ன தப்பு?

அதே பெட்டி, 1672 வாக்கில் அயர்லாந்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அயர்லாந்தைக் க்ராம்வெல்லின் படை நசுக்கிய பிறகு, பிடுங்கிய நிலத்தை அளந்து பங்கு போட்டுக் கொடுத்தவரே இவர்தான். அளந்ததில் தனக்கும் ஒரு பெரிய பங்கு வைத்துக்கொண்டார். போரிலும் பிளேக்கிலும் பஞ்சத்திலும் செத்த ஐரிஷ்காரர்களின் மதிப்பைக் கணக்குப் போட வேண்டி வந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆள் 70 பவுண்ட் பெறும் என்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அயர்லாந்துக்கு மட்டும் அடிமைச் சந்தை விலையை எடுத்துக்கொண்டார். ஆண் 25, குழந்தை 5, சராசரி 15 பவுண்ட்.

நடுவே ஒரு கடல். ஒருபக்கம் 70, மறுபக்கம் 15.

இந்த வித்தையை இன்னும் நுட்பமாகச் செய்தவர் வில்லியம் ஃபார் என்கிற டாக்டர். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர். நல்ல மனிதர். காலரா எங்கே எப்படிப் பரவுகிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்தவர். 1853-ல் ஒரு விவசாயக் கூலியை எடுத்துக்கொண்டு, அவன் இனிமேல் சம்பாதிக்கப்போவது எவ்வளவு, சாப்பாடு துணிமணிக்குத் தனக்கே செலவழித்துக்கொள்வது எவ்வளவு, கழித்தால் மிச்சம் எவ்வளவு, வட்டியைத் தள்ளினால் அதன் இன்றைய மதிப்பு எவ்வளவு என்று வயதுவாரியாகப் பட்டியல் போட்டார். பிறந்த குழந்தை 5 பவுண்ட். 10 வயதில் 117. இருபத்தைந்தில் உச்சம், 246. பிறகு இறங்குமுகம். 70 வயதில் ஒரே ஒரு பவுண்ட். 80 வயதில்?

மைனஸ் 41.

மெஷினுக்குத் தேய்மானம் போடுவார்களே, அதே கதை. தேய்ந்து தேய்ந்து பூஜ்ஜியமான மெஷினைக்கூட காயலான் கடையில் போட்டால் நாலு காசு வரும். கிழவனுக்கு அதுவும் இல்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். (இந்த மைனஸை வைத்து ஒரு கம்பெனி பெரிய காரியம் செய்யப் பார்த்தது. 2001-ல் ஃபிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் செக் குடியரசில் ஓர் ஆய்வுக்குக் காசு கொடுத்தது. புகைபிடிப்பவர்கள் சீக்கிரம் செத்துப்போவதால் பென்ஷனும் வைத்தியச் செலவும் மிச்சமாகிறது, சிகரெட் வரியையும் சேர்த்தால் 1999-ல் அரசாங்கத்துக்கு நிகர லாபம் சுமார் 580 கோடி கொருனா என்று அறிக்கை சொன்னது. உலகமே காறித் துப்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள். கூட்டல் கழித்தலில் தப்பா என்று பார்த்தால் ஃபார் போட்ட அதே வகைக் கணக்குதான். செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து போடாமல் கஜானா பக்கத்தில் உட்கார்ந்து போட்டார்கள்.)

ஃபாரின் பட்டியல் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களில் நஷ்டஈடு கணக்குப் போடுவது எப்படி? இறந்தவரின் வருமானம், அதில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கழிவு, மிச்சத்தை வயதுக்குத் தகுந்த ஓர் எண்ணால் பெருக்கு. 2009-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் அந்த எண்களை வரிசைப்படுத்திக் கொடுத்தது. 25 வயது வரை 18. ஐம்பதைத் தாண்டினால் 11. அறுபத்தைந்துக்கு மேல் 5. நல்லவேளை, மைனஸுக்குப் போகவில்லை.

அயர்லாந்துக்காரன் 15, கிழவன் மைனஸ் 41 என்று பார்த்தோம். இனி பூஜ்ஜியத்துக்கு வருவோம். அந்தப் பூஜ்ஜியம் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர் விவசாயி.

1950-கள். காலனிகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் அடைந்துகொண்டிருந்த நேரம். ஏழை நாடுகள் எப்படி முன்னேறுவது என்று பெரிய மூளைகள் எல்லாம் யோசித்தன. அப்போது ஒரு கருத்து செல்வாக்காக இருந்தது. இந்தியா மாதிரி நாடுகளில் கிராமத்தில் ஆட்கள் அளவுக்கு அதிகம். நாலு ஏக்கர் நிலத்தில் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேர் போதும். ஆனால் ஐந்து பேரும் செய்வது மாதிரித் தெரிகிறது. இரண்டு பேரைப் பட்டணத்து ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டால் நிலத்தின் விளைச்சல் ஒரு மூட்டைகூடக் குறையாது. பிளஸ் டூ பொருளாதாரப் புத்தகத்தில் ‘மறைமுக வேலையின்மை’ என்று படித்திருப்பீர்களே, அதுதான். 1954-ல் ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார நிபுணர் இதை ஒரு முழு வளர்ச்சிக் கொள்கையாகவே கட்டிக் கொடுத்தார். அதிகப்படியான ஆளின் உற்பத்தி மதிப்பு சொற்பம், பூஜ்ஜியம், சில இடத்தில் அதற்கும் கீழே. எந்தெந்த நாடுகளுக்கு இது பொருந்தும்? எகிப்து, ஜமைக்கா, அப்புறம் இந்தியா என்றார். லூயிஸ் கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த கறுப்பினத்தவர். ஏழை நாடுகள் எழுந்து நிற்க ஒரு வழி தேடினார்.

ஆனால் இந்தக் கொள்கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இரண்டு பேர் பட்டணம் போனால் விளைச்சல் குறையாது என்றால், இரண்டு பேர் காய்ச்சலில் செத்தாலும் குறையாது. குறையக்கூடாது!

இதைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த தியோடர் ஷூல்ட்ஸ். 1902-ல் தெற்கு டகோட்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முதல் உலகப்போர் நேரம், பண்ணையில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பையன் படிக்கப் போனால் திரும்பி வரமாட்டான் என்று அப்பாவுக்கும் பயம். ஹைஸ்கூல் வாசலையே மிதிக்காமல், பிறகு விவசாயக் கல்லூரியில் நுழைந்து, படிப்படியாகப் பேராசிரியர் ஆனவர். பண்ணையில் ஓர் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்காகத் தன் படிப்பையே ஒரு முறை பறிகொடுத்தவரிடம் போய், ‘ஓர் ஆள் குறைந்தால் ஒன்றும் ஆகாது’ என்றால் ஒப்புக்கொள்வாரா?

ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நிரூபிக்க வேண்டுமே. எந்த அரசாங்கமும் ஒரு நாட்டு விவசாயிகளில் பத்தில் ஒருவரைத் திடீரென்று அப்புறப்படுத்தி, விளைச்சல் குறைகிறதா என்று பரிசோதித்துப் பார்க்காது. அப்படி ஒரு பரிசோதனையை இயற்கை செய்து வைத்திருக்கிறதா?

1918.

1964-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஷூல்ட்ஸ் அந்தக் கணக்கைப் போட்டார். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், கஷ்டமில்லை. ஃப்ளூவில் இந்தியாவில் இறந்தவர்கள் சுமார் 2 கோடி, மக்கள்தொகையில் 6.2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார். செத்தவர்கள் பெரும்பாலும் வேலை செய்கிற வயது. ஆகவே விவசாய வேலையாட்களில் குறைந்தது அதைவிட அதிகம், 8.3 சதவீதம். சரி, அதனால் சாகுபடி எவ்வளவு குறைந்தது? 1918-ல் பார்க்க முடியாது. அந்த வருடம் பருவமழையே பொய்த்துவிட்டது. மழையால் குறைந்ததா, சாவால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் மழை நன்றாகப் பெய்த 1919-20-ஐ எடுத்துக்கொண்டு, ஃப்ளூவுக்கு முந்தைய 1916-17-ஓடு ஒப்பிட்டார். விதைத்த பரப்பு ஒரு கோடி ஏக்கர் குறைவு. சதவீதத்தில் 3.8.

இது அதிகமா, கம்மியா? விளைச்சலில் உழைப்பின் பங்கு நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டால், ஆட்கள் 8.3 சதவீதம் குறையும்போது சாகுபடி சுமார் 3.3 சதவீதம் குறைய வேண்டும். பூஜ்ஜியக் கட்சி சொல்வது சரி என்றால் ஒரு ஏக்கர்கூடக் குறையக்கூடாது. குறைந்தது 3.8!

இந்தியக் கிராமத்தில் வேண்டாத ஆள் என்று யாரும் இல்லை. செத்துப்போன ஒவ்வொருவருடைய கைக்கும் நிலத்தில் ஒரு வேலை இருந்தது. ஷூல்ட்ஸ் கண்ட முடிவு இது. படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் தாத்தா பாட்டி காலத்து ஆட்களுக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு மரியாதை வாங்கித் தந்த மாதிரி.

சந்தோஷம் மூன்று வருடம் நீடித்தது. 1967-ல் ஓர் இந்தியர் வந்து குறுக்கே நின்றார். அமர்த்தியா சென். வயது முப்பத்து மூன்று, நாலுதான். ஷூல்ட்ஸின் கணக்கு எதையும் நிரூபிக்கவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார்.

சென் சொன்னதை நம் ஐந்து அண்ணன் தம்பிகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஐந்து பேரில் ஒருவன் பட்டணம் போகிறான் என்றால், மிச்சம் நாலு பேரும் கலந்து பேசி அவன் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். தினம் அரைமணி நேரம் கூட வேலை செய்தால் போயிற்று. விளைச்சல் குறையாது. கொள்ளைநோய் அப்படிக் கேட்டுக்கொண்டா வருகிறது, வீட்டுக்கு ஒருவர் வாருங்கள் என்று? ஒரு வீட்டில் ஐந்து பேரும் காலி. அடுத்த வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. காலியான வீட்டின் நிலம் தரிசாகக் கிடக்கும். அடுத்த வீட்டுக்காரரிடம் சும்மா இருக்கும் கை இருந்தாலும், ‘இந்தா, உழுதுகொள்’ என்று ஒரே வருடத்தில் அந்த நிலம் அவருக்குக் கைமாறிவிடுமா? பட்டா யார் பேரில், வாரிசு யார், கடன் கொடுத்தவர் என்ன சொல்கிறார், ஏர் மாடு எங்கே... ஆகவே, ஏக்கர் குறைந்தது நிஜம்தான். ஆனால் குறைந்ததற்குக் காரணம் உபரி ஆள் இல்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உபரி ஆள் ஓர் இடத்திலும் ஆளில்லாத நிலம் இன்னோர் இடத்திலும் கிடந்ததாலும் குறைந்திருக்கலாம்.

மாடு என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. 1918-ல் மழை இல்லாமல் தீவனமும் இல்லை. மேற்கு இந்தியாவில் மாடுகளும் செத்தன. உழவு மாடு இல்லாமல் அடுத்த வருடம் மழை கொட்டி என்ன பயன்? அந்த ஒரு கோடி ஏக்கரில் மனுஷன் செத்ததால் தரிசானது எவ்வளவு, மாடு செத்ததால் தரிசானது எவ்வளவு? யார் பிரித்துச் சொல்வது?

ஷூல்ட்ஸ் பதில் எழுதினார். விடுகிற ஆள் இல்லை. ஆனால் வழக்கு முடியவில்லை. 1990-களில் எய்ட்ஸ் வந்து, இதனால் நாடுகளின் பொருளாதாரம் என்ன ஆகும் என்ற கவலை கிளம்பியபோது, டேவிட் புளூம், அஜய் மஹால் என்ற இரண்டு பேர் 1918-ஐ மறுபடி தோண்டினார்கள். 13 மாகாணங்களைத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதிகம் பேர் செத்த மாகாணத்தில் தலைக்கு இவ்வளவு என்ற சாகுபடிப் பரப்பு அதிகம் மாறியதா என்று பார்த்தார்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: தெளிவான சம்பந்தம் எதுவும் தெரியவில்லை.

‘தலைக்கு இவ்வளவு’ என்று போட்டார்கள் பாருங்கள், அது ஒரு பொல்லாத அளவுகோல். தலைகளே குறைந்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்பது கூடத்தானே செய்யும்? 1348, 49-ல் பிளேக் இங்கிலாந்தின் ஜனங்களில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனபோது, மிஞ்சிய கூலிக்காரர்களுக்கு ஏக கிராக்கி. கூலி ஏறிற்று. பயந்துபோன ராஜா மூன்றாம் எட்வர்ட், 1349-லேயே பழைய கூலிக்கு மேல் யாரும் கேட்கக்கூடாது, கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. பிழைத்தவனின் கணக்குப்படி பார்த்தால் கொள்ளைநோயில் லாபம்கூட வரும். செத்தவன் கணக்கு அந்தப் புத்தகத்தில் ஏறவே ஏறாது.

இன்னும் ஒரு தலை விட்டுப்போயிருக்கிறது. 1918 ஃப்ளூவில் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள். மற்ற நாடுகளில் அப்படி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார், நெற்றியில் துணி நனைத்துப் போட்டது யார், கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிட்டது யார் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பெண்களின் சாவால் என்ன நஷ்டம் என்று ஏக்கரில் அளக்க முடியுமா? களை எடுப்பு, நாற்று நடவு ஒரு பகுதி கணக்கில் வரலாம். தண்ணீர் சுமந்தது, மாட்டுக்குத் தவிடு வைத்தது, பிள்ளை வளர்த்தது? அமெரிக்காவில் டோரதி ரைஸ் என்ற பெண்மணி 1966-ல் நோய்களால் வரும் நஷ்டத்தை முறையாகக் கணக்கிட்டபோது, குடும்பத் தலைவிக்கும் ஒரு விலை போட்டே தீருவேன் என்று போட்டார். எவ்வளவு தெரியுமா? வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் என்ன சம்பளமோ, அது. பூஜ்ஜியத்துக்கு அது எவ்வளவோ தேவலை என்று அன்றைக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

ஷூல்ட்ஸ் கட்சியா, சென் கட்சியா என்று கேட்டால், கணக்கில் சென் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு கோட்பாட்டைச் சாய்த்துவிட முடியாது. ஆனால் ஷூல்ட்ஸ் எழுப்பிய கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு முன்னால், அந்த விவசாயி செத்ததில் நஷ்டம் இருந்ததா என்று கேட்கவேண்டும் என்றுகூடப் பலருக்குத் தோன்றவில்லை. மனுஷனை மூலதனம் என்று சொல்வது அவமரியாதை என்று நிறையப் பேர் முகம் சுளித்தது ஷூல்ட்ஸுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். சொத்துப் பக்கத்தில் எழுதினால்தான் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் போடுகிற காசு செலவு இல்லை, முதலீடு என்று ஆகும்.

1979-ம் வருடம் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு, வளரும் நாடுகளின் முன்னேற்றத்தை ஆராய்ந்ததற்காக இரண்டு பேருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒருவர், கிராமத்து உபரி ஆளின் உற்பத்தி மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு கோட்பாடு கட்டிய ஆர்தர் லூயிஸ். இன்னொருவர், அது பூஜ்ஜியம் இல்லை என்று காட்ட 1918-ன் பிணங்களை எண்ணிய தியோடர் ஷூல்ட்ஸ். ஸ்டாக்ஹோமில் ஒரே மேடையில் வாங்கிக்கொண்டார்கள். இருவர் கணக்கையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அமர்த்தியா சென்னுக்கு அதே பரிசு 1998-ல் வந்தது.